எக்ஸ்-குளுக் 100 மில்லிகிராம் குப்பி: மதுரை வெயிலுக்குத் தாங்குமா?

கான்ஃபோகல் (லேசர்) நுண்ணோக்கி இல்லாத கல்லூரி ஆய்வகத்தில், செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சின் எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க, இன்றும் கைகொடுப்பது டிஆர்5-கஸ் அராபிடாப்சிஸ் நாற்றும் (ஆக்சினுக்குப் பதில் சொல்லும் டிஆர்5 பகுதியோடு கஸ் மரபணு ஏற்றிய சிறு ஆய்வகச் செடி) எக்ஸ்-குளுக் என்ற இந்த வெள்ளைத் தூளும்தான். ஆக்சினுக்குச் செல் பதில் சொல்லும் இடத்தில் கஸ் நொதி உருவாகும். அது எக்ஸ்-குளுக்கை வெட்ட, நீலம் படியும். மதுரை மல்லி மொட்டை எடுத்து நேராக இதில் போட்டுப் பயனில்லை. நீலம் வந்தாலும் அது ஆக்சின் கதையல்ல. கஸ் மரபணு ஏற்றிய செடிதான் வேண்டும்.

வாங்கும்போது எந்த உப்பு என்று பாருங்கள். சோடியம் உப்பு தண்ணீரிலேயே கரையும். சைக்ளோஹெக்சைல் அமோனியம் உப்புக்கு டிஎம்எஃப் என்ற கரைப்பான் தேவை: 52 மி.கி. தூளை 1 மி.லி.யில் கரைத்தால் 100 மில்லிமோலார் ஸ்டாக் (அடர் கரைசல்). அதை நூறு மடங்கு நீர்த்தால் வேலைக் கரைசல். 100 மி.கி. குப்பிக்கு ஏறக்குறைய 190 மி.லி. கிடைக்கும்; 24 குழித் தட்டில் குழிக்கு அரை மி.லி. வீதம் 380 குழி. விலை மலைக்க வைத்தாலும் ஒரு எம்.எஸ்சி. பேட்சுக்கு மிஞ்சும். டிஎம்எஃப் பாலிஸ்டைரினைக் கரைக்கும், பாலிப்ரொப்பிலீன் குழாயில் வையுங்கள்.

சித்திரை வெயிலில் கூரியர் ஐஸ் ஜெல் உருகி வந்தால் பதற வேண்டாம். தூள் ஈரம் கோத்துக் கட்டிதட்டியிருந்தால்தான் திருப்பி அனுப்ப வேண்டும். மைனஸ் 20-லிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே நீர் கோக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துத் திறக்கவும். இளஞ்சிவப்பாக மாறிய ஸ்டாக்கைக் கொட்டிவிடுங்கள்.

பஃபர்: 100 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஹெச் 7.0, 10 மில்லிமோலார் ஈடிடிஏ, 0.1% டிரைட்டான் எக்ஸ்-100, பொட்டாசியம் ஃபெர்ரி சயனைடும் ஃபெர்ரோ சயனைடும் தலா 0.5 மில்லிமோலார். இந்தக் கடைசி இரண்டையும் மிச்சம் பிடிக்காதீர்கள்: இல்லாவிட்டால் நிறமாகும் முன் இடைப்பொருள் பக்கத்துச் செல்லுக்குக் கசியும், கூடினால் நொதியே மந்தமாகும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதன் கால்சியம் பாஸ்பேட்டைப் படிய வைக்கும். ஐந்து நாள் நாற்றுக்கு 1 மைக்ரோமோலார் ஐஏஏ (இயற்கை ஆக்சின்) இரண்டு மணி நேரம், பிறகு 37 டிகிரியில் சாயம், 70% எத்தனாலில் பச்சையம் நீக்கல். ஐஏஏ வெளிச்சத்தில் சிதையும். ஸ்டாக்கைப் படலத்தால் சுற்றி வையுங்கள். மரபணு ஏற்றாத நாற்று ஒன்றும் கட்டாயம்: இரவு முழுக்க விட்டால் பாக்டீரியாவும் நீலம் காட்டும்.

இந்த ஊரில் அதிகம் சறுக்குவது வேறிடத்தில். வளர்ப்பறை 22 டிகிரியில் இருக்க வேண்டும். கரண்ட் போய் 28, 29 டிகிரி நீடித்தால் நாற்றே ஆக்சினைக் கூட்டி, தண்டு நீளத் தொடங்கும். ஐஏஏ தராத கன்ட்ரோல் நாற்றும் நீலமாக நிற்கும்போது பழி தூள் மேல் விழுகிறது. ஏசிக்கு ஜெனரேட்டர் இணைப்பு இல்லையென்றால் குப்பியை மாற்றிப் பயனில்லை.

5-க்கு 4 தரலாம். ஒரு மதிப்பெண் குறைவது தூளால் அல்ல, முறையால்: கஸ் புரதம் எளிதில் அழியாது, ஆக்சின் குறைந்த பின்னும் நீலம் அப்படியே நிற்கும். நிமிடக் கணக்கில் ஏற்ற இறக்கம் பார்க்க வேண்டியவர்கள் ஆக்சின் கூடினால் ஒளிர்வு மங்கும் டிஐஐ-வீனஸ் நாற்றோடு கான்ஃபோகல் உள்ள ஆய்வகத்தில் நேரம் கேட்டு வாங்குவதே நல்லது.