பில்ட்-இன் ஓவன்: 4 வருடம் பயன்படுத்திய பிறகு

கேபினெட்டுக்குள் பில்ட்-இன் ஓவன் பொருத்தி 4 வருடம் ஆகிவிட்டது. ஓவனில் குறை சொல்ல எதுவும் இல்லை, இன்றும் நன்றாகவே சூடாகிறது. எனக்குத் தொல்லை கொடுத்தது அது உட்கார்ந்திருக்கும் பெட்டிதான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கேபினெட்டை முதலில் செய்துவிட்டு ஓவனை அப்புறம் வாங்கினோம். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. '60 செ.மீ. ஓவன்' என்றதும் உள் அகலத்தை 600 மி.மீ. வைத்துவிட்டோம். 60 என்பது கேபினெட்டின் வெளி அளவு. இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போனால் உள்ளே 564 மி.மீ. இருக்கும், ஓவனின் உடம்பு அதற்குள் போய்விடும். சுமார் 595 மி.மீ. அகலமுள்ள முன்முகம் பலகையின் ஓரத்தில் படிந்து நிற்க வேண்டும். எங்கள் பெட்டியில் படியவும் இடமில்லை, திருகு பிடிக்கவும் மரமில்லை. இரண்டு பக்கமும் உள்ளே ஒரு பிளைவுட் பட்டை அடித்த பிறகுதான் நின்றது.

சரி, அகலம் முடிந்தது என்று உள்ளே தள்ளினால், இரண்டு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நேர் பின்னால் சாக்கெட், அதில் தடித்த பிளக். சாக்கெட்டைப் பக்கத்து கேபினெட்டுக்கு மாற்றினோம். இப்போது ஏதாவது கோளாறு என்றால் ஓவனை வெளியே இழுக்காமலே பிளக்கைப் பிடுங்கிவிடலாம்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் காற்று. ஆறு மாதம் கழித்து, பக்கத்து கேபினெட் கதவின் எட்ஜ் பேண்ட் (பலகை ஓரத்தை மூட ஒட்டும் மெல்லிய பட்டை) ஓவன் பக்கமாக மட்டும் பிரிய ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் ஒட்டும், கையை எடுத்தால் மெல்ல எழும்பும். ஓவனை அணைத்த பிறகும் அதைக் குளிர்விக்கும் ஃபேன் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஓவனை வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: பெட்டியின் பின்பக்கம் முழுக்கப் பலகை அடைத்திருந்தது. அந்த ஃபேன் சுற்றியுள்ள காற்றை இழுத்து, முன்பக்கக் கதவுக்கு மேலுள்ள இடுக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. புதுக் காற்று வர வழியில்லை என்றால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

பின்பலகையை வெட்டி எடுத்தோம். ஓவன் நிற்கும் தட்டில் பின்னோரமாக 4 செ.மீ. இடைவெளி விட்டு, கீழே தரையோரப் பலகையிலும் காற்றுத் துளை போட்டோம். எட்ஜ் பேண்டைப் புதிதாக ஒட்டினோம். அதற்குப் பிறகு இன்று வரை பிரியவில்லை, ஃபேனும் முன்பை விடச் சீக்கிரம் நின்றுவிடுகிறது.

ஓவனைப் பெட்டியோடு பிடித்து நிறுத்தும் திருகுகளையும் சொல்ல வேண்டும். ஓவன் கதவைத் திறந்தால் ஓரச் சட்டத்தில் தெரிபவை அவை. இரண்டாம் வருடம் ஒன்று தளர்ந்தது. துளைக்குள் பசை தடவிய மரக்குச்சியைத் திணித்து, காய்ந்த பிறகு மறுபடி முடுக்கினேன். பவர் டிரில்லால் அழுத்தி முடுக்காதீர்கள், மரம் அரைந்துவிடும். கடைசிச் சுற்றைக் கையாலேயே முடுக்குங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் ஓவன் மாடலை முதலில் முடிவு செய்யுங்கள். கையேட்டில் பொருத்தும் படம் ஒன்று இருக்கும், பின்னால் எவ்வளவு இடம், கீழே எவ்வளவு துளை என்றெல்லாம் அதில் போட்டிருப்பார்கள். தச்சர் மரத்தில் கோடு போடுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.