ஸ்வீட் டப்பா மூடிக்கு ரியாக்டர் கிரேடா, சி.ஆர். கிரேடா?

போன தீபாவளிக்கு ஒரு கிலோ ஸ்வீட் டப்பாவின் வட்ட பிளாஸ்டிக் மூடிக்கு ஆர்டர் எடுத்திருந்தோம். திருமுடிவாக்கம் ஷெட்டில் ராத்திரி ஷிஃப்டில் அடித்தபோது மூடி தட்டையாகத்தான் விழுந்தது. மறுநாள் மதியம் ஆபரேட்டர் தம்பி கூப்பிட்டான்: "அண்ணே, எல்லாம் பொரிச்ச அப்பளம் மாதிரி ஆயிடுச்சு." எதிரெதிர் ஓரங்கள் இரண்டு மேலே தூக்கி, மற்ற இரண்டும் கீழே தொங்கின. டப்பாவில் உட்காரவே இல்லை.

கையில் இருந்த வழிகள் இரண்டு. வழக்கமாக ஓட்டும் ரியாக்டர் கிரேடு (உலையில் உருவானபடியே வரும்) பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கையே சமாளித்து ஓட்டுவது ஒன்று. பெராக்சைடு என்ற ரசாயனம் கொண்டு பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டித் தயாரிக்கும் சி.ஆர். (கன்ட்ரோல்டு ரியாலஜி) கிரேடுக்கு மாறுவது இன்னொன்று. நான் மாறிவிட்டேன், அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தாளில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. உருகுநிலை 160 டிகிரி சுமார், அடர்த்தி 0.9, எம்.எஃப்.ஐ. (உருகி ஓடும் அளவு) 12. விலையிலும் பெரிய பேச்சில்லை. ஆனால் எம்.எஃப்.ஐ. என்பது 230 டிகிரியில் 2.16 கிலோ எடை அழுத்தினால் 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். கூட்டத்தின் சராசரி உயரத்தைச் சொல்லும். நெட்டையர்கள் எத்தனை பேர் என்று சொல்லாது. மூடியைக் கெடுத்தது அந்த நெட்டைச் சங்கிலிகள்தான்.

உருகிய பிளாஸ்டிக்கைச் சும்மா ஆறவிட்டால் சங்கிலிகள் சுருண்டபடியே கிடக்கும். படிகம் உருண்டை உருண்டையாக எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளரும். மோல்டுக்குள் அப்படி இல்லை. கேட் என்னும் நுழைவுத் துளையிலிருந்து உருகல் சீறிப் பாயும்போது சுவரை ஒட்டிய பகுதி இழுபடுகிறது. குட்டைச் சங்கிலிகள் இழுபட்டாலும் உடனே மறுபடி சுருண்டுகொள்ளும். நெட்டைக்கு நேரம் போதாது. சங்கிலி இரண்டு மடங்கு நீண்டால் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் ஏறக்குறைய 10 மடங்கு ஆகிவிடும். அதற்குள் மோல்டுச் சுவரின் குளிரில் உருகல் உறைந்துபோகிறது. நீண்ட சங்கிலிகள் நூலாக நிற்க, அதன்மேல் தட்டுத் தட்டாகப் படிகம் பக்கவாட்டில் வளரும். 1960களில் பாலிஎத்திலீன் கரைசலைக் கலக்கிப் பார்த்தவர்கள் இந்த உருவத்தைக் கண்டு ஷிஷ்-கபாப் என்று பெயர் வைத்தார்கள். நம்மிடம் கேட்டிருந்தால் மல்லிகைச் சரம் என்றிருப்போம். நூலும் பூவும் அப்படியே பொருந்துகிறது.

சரி, அதனால் என்ன? ஓட்டத் திசையில் சுருக்கம் ஒரு அளவு, குறுக்கே வேறு அளவு. நடுவில் கேட் வைத்த வட்ட மூடியில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய ஓட்டத் திசையில் அதிகமாகச் சுருங்கினால் விளிம்புக்கு இடம் பற்றாது, அப்பளம்தான். பாலிபுரொப்பிலீன் மோல்டை விட்டு வந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் படிகமாகிக்கொண்டே இருக்கும் என்பதால் ராத்திரி தட்டையாக இருந்தது மதியம் நெளிந்தது. இப்போதெல்லாம் 48 மணி நேரம் வைத்துத்தான் அளக்கிறோம்.

சி.ஆர். கிரேடில் பெராக்சைடு முதலில் கைவைப்பது நெட்டையர்கள் மேல்தான். நீளம் கூடக் கூட வெட்டுப்படும் வாய்ப்பும் கூடும். சரம் கோக்க நூல் குறைவு. இரண்டு திசைச் சுருக்கமும் நெருங்கி வருகிறது. அதே மோல்டு, அதே மெஷின், மூடி உட்கார்ந்தது.

ரியாக்டர் கிரேடையே சமாளிக்கவும் பார்த்தோம். உருகல் சூட்டை 20 டிகிரி ஏற்றினோம். நெளிவு குறைந்தது, ஆற வைக்கும் நேரம் கூடியது. அதைக் குறைக்க, மோல்டைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீரை இன்னும் குளிர வைக்கலாம் என்றால், சென்னை வெக்கையில் மோல்டு வியர்த்து மூடியில் தண்ணீர்த் தடம் விழுகிறது.

சி.ஆர். கிரேடிலும் குறை உண்டு. கொஞ்சம் மெதுவாக உறைவதால் எங்களுக்கு ஷாட்டுக்கு (ஒரு தடவை அடிக்க) ஒரு நொடி கூடியது. விறைப்பும் ஒரு பிடி குறைவு. பெராக்சைடு மிச்சத்தின் வாடை இருக்கலாம், இனிப்பு வைக்கிற டப்பாவாச்சே, மூட்டையைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். கீல் வைத்த ஃபிளிப் மூடி நான் அடித்ததில்லை, அதற்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் நிறம். வெள்ளை மூடி சரியாக வந்த பிறகு நீலம் போட்டால் மறுபடி லேசாக நெளிந்தது. தாலோசயனின் நீலம் தானே படிகத்துக்கு வித்தாகிவிடும். கிரேடு மாற்றினாலும் அது விடாது. மாஸ்டர்பேட்ச் என்ற நிறக் குருணை விற்பவரிடம் வேறு நீலம் கேட்டு வாங்கினோம்.

மிச்சமிருந்த நாலு மூட்டை ரியாக்டர் கிரேடில் இப்போது பக்கெட் கைப்பிடி அடிக்கிறோம். அங்கே நீளவாக்கில் விறைப்பு வேண்டும். மல்லிகைச் சரம் அதற்குத் தோதாக இருக்கிறது.