கோரிமேட்டில் வாங்கிய எட்டுத் துண்டு மூளை மாடல்: ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன்

உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவள் நான். பி.காம். முடித்து இரண்டு வருஷம் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, ஆசைப்பட்டு உளவியல் முதுகலையில் சேர்ந்தேன். கற்றல், நடத்தை பற்றிய பாடமெல்லாம் கதை கேட்பது போல உள்ளே போனது. மூளை வந்ததும் நின்றுவிட்டேன். குறுக்குவெட்டுப் படம் ஒன்றை ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்வேன், அடுத்த பக்கத்தில் அதே பகுதியைப் பக்கவாட்டில் வரைந்திருப்பார்கள், எது எதுவென்றே தெரியாது. முதல் இன்டர்னலில் 25-க்கு 9. அன்றைக்குத்தான் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கி ஏமாந்தேன். படத்தில் தேங்காய் அளவுக்குத் தெரிந்தது, வந்து சேர்ந்தது எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மடிப்புகளைச் சும்மா கோடாகக் கீறி வைத்திருந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பப் பட்ட பாட்டை விடுங்கள். பிறகு ஒரு தோழி சொல்லித்தான் புதுச்சேரி கோரிமேட்டுக்குப் போனேன். ஜிப்மர் மருத்துவமனை அங்கே இருப்பதால் ஸ்டெதஸ்கோப், வெள்ளைக் கோட்டு, எலும்புக்கூடு எல்லாம் விற்கிற கடைகள் அந்தப் பக்கம் உண்டு. நான் போன கடையில் அண்ணன் மூன்று மாடல்களை எடுத்து மேசையில் வைத்து, "பிரிச்சுப் பாரும்மா, பிரிச்சுப் பாக்காம எதையும் வாங்காத" என்றார். அரை மணி நேரம் பிரித்து மாட்டிக்கொண்டு நின்றேன், அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விலை 2,100 சொன்னார், மாணவி என்றதும் 1,950-க்குக் கொடுத்தார்.

மாடல் அசல் மூளை அளவு. ஒரு பாதிக்கு நான்கு துண்டுகள் (மடல் என்றால் பெருமூளையின் ஒரு பிரிவு): நெற்றி மடலும் உச்சி மடலும் சேர்ந்து ஒன்று, பொட்டு மடலும் பிடரி மடலும் சேர்ந்து ஒன்று, சிறுமூளையில் பாதி, மூளைத்தண்டில் பாதி. இரண்டு பாதியையும் உலோகப் பின் பிடித்துக்கொள்கிறது. கையில் எடுத்தால் கனம் குறைவுதான். அசல் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ இருக்கும், அழுத்தினால் நுங்கு போல அமுங்கும். இது கெட்டிப் பிளாஸ்டிக், அந்த உணர்வை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எது எதற்குப் பின்னால் இருக்கிறது, எது எதன் அடியில் மறைந்திருக்கிறது என்பது முதல் நாளே புரிந்துவிட்டது. ஒரு செமஸ்டர் முழுக்கப் படம் பார்த்தும் எனக்குப் புரியாதது அதுதான்.

கடலூர் பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அரியாங்குப்பத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட, பக்கத்தில் இருந்த அம்மா பெட்டியில் என்ன என்று கேட்டார். திறந்து காட்டினேன். தவளக்குப்பம் தாண்டும்வரை அவரும் முன் சீட்டுப் பையனும் ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்கள். அதில் பாதிக்கு எனக்கு அப்போது பதில் தெரியாது, அந்தக் கேள்விகளை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இந்த மாடல் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) மூன்று வருஷம் முன்னால் பக்கவாதம் வந்தது. ஸ்கேனில் இடது பக்கம் பாதிப்பு என்றார்கள். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, எதைக் கேட்டாலும் "வா... வா" என்று மட்டும்தான் வரும். ஆயாவுக்கு எதுவுமே புரியவில்லை, காதும் மந்தமாகிவிட்டது என்று நினைத்து அம்மா பக்கத்தில் நின்று கத்திப் பேசிக்கொண்டிருந்தார். நான் மாடலின் இடது பாதியைக் கொண்டு போய் உட்கார்ந்து, நெற்றி மடலின் கீழ்ப் பின்பகுதியைத் தொட்டுக் காட்டினேன். 1861-ல் பிரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் "டான்" என்ற ஒரே ஒலியை மட்டும் சொல்லும் நோயாளியைப் பார்த்தார், மற்றவர்கள் பேசுவது அந்த நோயாளிக்குப் புரிந்தது, இறந்த பிறகு பார்த்தபோது இந்த இடம்தான் சேதமாகி இருந்தது என்று சொன்னேன். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள உதவும் பகுதி கொஞ்சம் பின்னால், இங்கே, என்றும் காட்டினேன். அம்மா மாடலை வாங்கி இரண்டு இடத்திலும் மாறி மாறி விரலை வைத்துப் பார்த்தார். ஆயாவுக்கு என்ன என்று முடிவு சொல்வது டாக்டர் வேலை, நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா கத்துவதில்லை, ஆயா முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுகிறார், ஆயாவும் தலையசைக்கிறார்.

சரி, பாடத்துக்கு வருவோம். கற்றல் பகுதியில் நாயை ஒலிக்குப் பழக்கிய பாவ்லவ், எலிக்குப் பரிசு கொடுத்துப் பழக்கிய ஸ்கின்னர் வரை மாடல் தேவையே இல்லை. எங்கள் தெருவில் மீன்காரம்மா கூடையை இறக்கும் சத்தத்துக்கே ஓடி வருகிற பூனை போதும். அதற்கு அப்புறம்தான் மாடலுக்கு வேலை. முயல் கண் சிமிட்டும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒலி, உடனே கண்ணில் காற்று, இப்படிப் பலமுறை செய்தால் ஒலி கேட்டதுமே முயல் கண்ணை மூடும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் சிறுமூளையின் உள்ளே ஒரு சின்ன இடத்தைச் சேதப்படுத்தியபோது அந்தக் கற்ற சிமிட்டல் போய்விட்டது, காற்று பட்டால் மூடுவது மட்டும் அப்படியே இருந்தது. சிறுமூளை உடல் சமநிலைக்கு மட்டும்தான் என்று பள்ளியில் எழுதியவள் நான். மாடலில் சிறுமூளையைக் கழற்றி, உள்வெட்டில் வேப்பங்கிளை போல விரியும் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இதைப் படித்தேன், இன்னும் மறக்கவில்லை.

குறை என்று பார்த்தால் பெரிய குறை ஒன்று. பொட்டு மடலின் உள்ளே இருக்கிற, புது நினைவுகளை உருவாக்க உதவும் ஹிப்போகேம்பஸ் தனியாகக் கழலாது. கற்றலும் நினைவும் படிப்பவருக்கு அதைவிட முக்கியமான பகுதி எது? 1953-ல் எச்.எம். என்ற இளைஞருக்கு வலிப்பைக் குறைக்க இரண்டு பக்கமும் பொட்டு மடலின் உட்பகுதியை, ஹிப்போகேம்பஸின் பெரும் பங்கோடு சேர்த்து எடுத்தார்கள். அதன் பிறகு அவரால் புது விஷயம் எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது மூன்று நாளில் கை தேறிவிட்டது, முந்தின நாள் வரைந்தது மட்டும் ஞாபகம் இல்லை. நினைவு ஒரே பெட்டியில் இல்லை என்று உலகம் கற்றுக்கொண்டது அந்த மனிதரிடம்தான். அவரிடம் எடுத்தது எது என்று காட்ட முடியாத மாடலை எப்படி முழுமையானது என்று சொல்வது? பொட்டு மடல் துண்டைத் திருப்பினால் உள்பக்கம் ஒரு மேடு இருக்கிறது, அதற்கும் அதே வண்ணம் அடித்து விட்டிருக்கிறார்கள். நான் களிமண்ணில் கடல்குதிரை வடிவத்தில் இரண்டு செய்து காயவைத்து, உள்ளே ஒட்டி வைத்திருக்கிறேன். பழக்கம் உருவாவதில் பங்குள்ள பேசல் கேங்க்லியாவும் இல்லை, அந்த இடம் வெறும் பிளாஸ்டிக். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின் பற்றிய பாடத்துக்கு ஃபோனில் இலவச ஆப்தான் பார்த்தேன், உள்ளாழத்துப் பகுதிகளுக்கு அது இதைவிட நல்லது.

சின்னக் குறைகள்: எண்கள் பொடியாக இருக்கின்றன, சில வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிட்டன. நான்காவது மாதம் மூளைத்தண்டைப் பிடிக்கும் உலோகப் பின் தளர்ந்துவிட்டது, நூல் சுற்றி இறுக்கினேன். எண்களுக்கான பெயர்ப் பட்டியலைப் பெட்டியில் வைக்கவே இல்லை. கடைக்கு ஃபோன் செய்ததும் அண்ணன் வாட்ஸப்பில் அனுப்பினார், அதற்காக அவருக்கு நன்றி.

வாங்குபவர்களுக்கு ஒன்று. இதை மேசையில் வைத்து பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் தேர்வில் ஒன்றும் வராது. நான் பட்டியலை மூடிவிட்டு, கண்ணை மூடி ஒரு துண்டை எடுத்து, தடவிப் பார்த்து, பெயர், அது என்ன செய்கிறது, அது கெட்டால் எது போகும் என்று வாய்விட்டுச் சொல்லி, அப்புறம்தான் பட்டியலைத் திறப்பேன். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்த்தால் ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல் மாணவர்களை வைத்தே காட்டினார்கள். எங்கள் பாடத்திலேயே இருக்கிற விஷயம், அதை எங்கள் படிப்புக்கே பயன்படுத்த எனக்கு ஒரு செமஸ்டர் ஆயிற்று. அடுத்த இன்டர்னலில் 25-க்கு 19.

அறிவியல் பின்னணி இல்லாமல் உளவியலுக்கு வந்தவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். மருத்துவ மாணவர்களுக்கு இது போதாது, அவர்கள் பதினைந்து துண்டு மாடல் பக்கம் போகட்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பணம் போட்டு வாங்கினாலும் நல்லது, ஒருவர் கேட்க ஒருவர் சொல்லலாம். கடையில் உலோகப் பின்கள் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா, பட்டியல் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.