டிஆர்ஆர் தன் 60 நெல்: டிஏபி மூட்டைக்கு டாட்டா சொல்லலாமா?

"இந்த ரகத்தைப் போட்டா டிஏபியே வேணாம்ணே" என்று எங்கள் பக்கத்து விதைக் கடைக்காரர் அடித்துச் சொன்னார். டிஏபி என்பது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் தருகிற ரசாயன உரம். அதை நம்பி வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள். ரகம் நல்ல ரகம்தான், விற்கிற பேச்சுதான் கோளாறு.

நாம் ஆந்திரா பொன்னி என்று சொல்கிற பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி வழி வந்த நெல் இது. பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும்படி ஏற்கெனவே மேம்படுத்தி வைத்திருந்த சம்பா மசூரியில், ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பப்1 என்ற மரபணுப் பகுதியையும் ஏற்றியிருக்கிறார்கள். அது கசலாத் என்கிற கிழக்கிந்திய நாட்டு நெல்லின் சொத்து. அதற்குள் இருக்கும் பிஸ்டால்1 மரபணுதான் மணிச்சத்துப் பஞ்சத்தில் வேரை முன்கூட்டியே ஓட விடுகிறது என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2012-ல் காட்டினார்கள். மரபணு மாற்றம் செய்து அதை ஐஆர் 64 என்ற நெல் ரகத்தில் புகுத்திப் பார்த்தபோது, மணிச்சத்து குறைந்த மண்ணில் மகசூல் 60 சதவீதத்துக்கு மேல் கூடியதாம். ஐஆர் 64-ல் அந்த மரபணுவே கிடையாது. உரம் கொட்டி வளர்த்த பண்ணையில் ரகம் தேர்ந்தெடுத்தால் பசி தாங்குகிற குணத்தை யார் தேடப்போகிறார்கள்!

அப்போ இது ஜிஎம், அதாவது மரபணு மாற்ற விதையா? இல்லை. வழக்கமான இனக்கலப்புதான், மரபணு அடையாளத்தை வைத்து வேண்டாத நாற்றுகளைக் கழித்துக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மண்வள அட்டையில் மணிச்சத்து 'குறைவு' என்று வந்த வயலில் அடியுரம் போடாமல் ஒரு பாத்தியில் இதையும் பக்கத்தில் சாதா பிபிடியையும் நட்டேன். தூர் கட்டும் சமயத்தில் பிபிடி கரும்பச்சையாக, விறைத்த குச்சி இலையோடு, தூரே வெடிக்காமல் நின்றது. இது அப்படி நிற்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒரு கொத்து மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிறது. ஆனால் டிஏபி போட்ட பாத்தியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது, ஆகவே மணிச்சத்து நிறைய இருக்கிற வயல்காரர்கள் இதற்காக அலைய வேண்டியதில்லை.

சரி, கடைக்காரர் பேச்சுக்கு வருவோம். இந்த நெல் மணிச்சத்தை உண்டாக்காது. மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் சுண்ணாம்போடும் ஒட்டிக் கிடக்கிற மணிச்சத்து எங்கும் பரவிக் கிடக்கிறது, வேர் நீளமாக ஓடினால் அதில் கூடக் கொஞ்சம் கைக்கு எட்டும். ஒரு டன் நெல்லோடு சுமார் 2 கிலோ பாஸ்பரஸ் வயலை விட்டுப் போகிறது, வைக்கோலோடு போவது தனி. எதுவும் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் மண் எத்தனை போகம் தாங்கும்? டிஏபியைக் குறைக்கலாம், தொழுவுரம் போடுங்கள், ஆனால் டிஏபியை அடியோடு நிறுத்தாதீர்கள்.

அரிசி சன்னம், சோறு பிபிடி மாதிரியே. விதை கிடைப்பதுதான் பெரும்பாடு. ஆனால் ஹைப்ரிட் இல்லை என்பதால் ஒருமுறை வாங்கினால் போதும், அறுப்புக்கு முன் கலவனை (கலந்து முளைத்த வேற்று ரகச் செடிகளை) பிடுங்கிவிட்டு நீங்களே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.