எந்தக் கொம்பனி ஆர்பிஜி புத்தகத்துக்குக் காசு போடலாம்?

மேசையைச் சுற்றி இருந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துத் தாயம் உருட்டி விளையாடுகிற இந்த ஆர்பிஜிக்குத் திருகோணமலையில் புத்தகம் விற்கிற கடை, எனக்குத் தெரிந்து, ஒன்றுமில்லை. லண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ யாராவது வரும்போது கெஞ்சிக் கூத்தாடி சூட்கேஸில் இடம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தபால் செலவையும் சுங்கத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதனால் ஒன்று வாங்கினால் பத்து வருடமாவது தாங்குமா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. சந்தையில் யார் பெரியவர் என்பதெல்லாம் அடுத்தது. இப்படி வைத்துப் பார்த்தால் நாலு கொம்பனிகளின் வரிசை கிட்டத்தட்ட தலைகீழாகிவிடுகிறது.

சந்தை என்று பார்த்தால் பேச்சே இல்லை, விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் தான். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை 1997இல் டிஎஸ்ஆர் கொம்பனியோடு சேர்த்து வாங்கினார்கள், இரண்டு வருடத்தில் அவர்களையே பொம்மைக் கொம்பனியான ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக்குப் பிறகு மற்றவர்கள் எல்லாம் இரண்டாம் இடத்துக்குத்தான் அடிபடுகிறார்கள். இதனால் ஒரு பெரிய வசதி, ஆள் தேடி அலையத் தேவையில்லை: யூடியூபில் பார்த்துவிட்டு விளையாட ஆசைப்படுகிற பொடியன் கேட்பது இதைத்தான். ஆனால் புத்தகம்? 2014இன் முதல் அச்சில் பக்கங்கள் கழன்று வருகின்றன என்று ஏகப்பட்ட முறைப்பாடு வந்து கொம்பனி மாற்றிக் கொடுத்தது. இங்கே இருந்து மாற்றி எடுப்பதென்றால் அனுப்புகிற செலவுக்கே இன்னொரு புத்தகம் வாங்கிவிடலாம். 2024இல் வந்த புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் (விளையாடுகிறவர்களுக்கான விதிப் புத்தகம்) 384 பக்கம், வந்தபோது விலை 50 டொலர், படங்கள் அருமை, தேடுவதும் முந்தியதைவிட இலகு. எனக்கு எரிச்சல் தருவது பிடிஎஃப் விற்காததுதான். டிஜிட்டலில் வேண்டுமென்றால் 2022இல் ஹாஸ்ப்ரோ 146.3 மில்லியன் டொலருக்கு வாங்கிய டிஎன்டி பியொண்ட் (டிஎன்டி என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் சுருக்கம்) மாதிரியான தளங்களில் போய்த்தான் வாசிக்க வேண்டும். டேட்டா முடிகிற மாதக் கடைசியில் அது எவ்வளவு உதவும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது பைசோ. 2009இல் பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டைக் கொண்டுவந்து, 2011 வாக்கில் பொழுதுபோக்குக் கடைகளின் விற்பனைப் பட்டியலில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸையே கீழே தள்ளியவர்கள், பிறகு ஐந்தாம் பதிப்பு வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். 2023 ஜனவரியில் விசார்ட்ஸ் தன் விதிகளை வைத்து மற்றவர்களும் புத்தகம் போட விடுகிற திறந்த உரிமத்தை மாற்றப் போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்டபோது, பைசோ எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த விதிப் புத்தகம் இரண்டு கிழமையில் தீர்ந்துபோனது. (விசார்ட்ஸ் அந்த மாதமே பின்வாங்கி அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது, அது வேறு கதை.) நம்மவர்களுக்கு முக்கியமான விஷயம், பாத்ஃபைண்டர் விதிகள் முழுவதும் ஆர்கைவ்ஸ் ஒஃப் நெதிஸ் தளத்தில் இலவசம், அதுவும் கொம்பனியின் சம்மதத்தோடு. 2019இன் 640 பக்கப் பழைய தடியன் புத்தகத்தை 2023இலிருந்து பல புத்தகங்களாகப் பிரித்ததும் நல்ல வேலை, அவ்வளவு பாரத்தை எந்த முதுகும் நெடுநாள் தாங்காது. சின்ன அளவில் மெல்லிய அட்டையோடு வருகிற பொக்கெட் பதிப்பு விலையும் குறைவு, பாரமும் குறைவு. மாமியின் சூட்கேஸில் சொக்லேட்டுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் போய்விடும். எழுத்து மட்டும் பொடி எழுத்து, கண்ணாடி போடுகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்.

கேயோசியம் 1975இலிருந்து இருக்கிறது, 1981இல் வந்த அவர்களுடைய திகில் விளையாட்டான கோல் ஒஃப் கதுலு இப்போது ஏழாம் பதிப்பில் ஓடுகிறது. ஜப்பானில் அதற்கு இருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் இது சின்னக் கொம்பனி என்று சொல்ல வாய் வராது. நாற்பது வருடத்துக்கு முந்தைய கதைப் புத்தகத்தையும் கொஞ்சம் தட்டிக்கொட்டி இன்றைக்கு ஓட்டலாம், எனவே வாங்கியது பழசாகிவிடுமோ என்ற பயம் இல்லை. அவர்கள் தளத்திலேயே அச்சுப் புத்தகம் வாங்கினால் பிடிஎஃப் இலவசம். ஸ்டார்ட்டர் பெட்டியில் தனியாக இருந்து விளையாடுகிற கதையும் உண்டு.

கையில் எடுத்ததும் மனதைப் பறிப்பது சுவீடனின் ஃப்ரீ லீக் தான். நான் திறந்து பார்த்த அவர்களுடைய கட்டி அட்டைப் புத்தகங்கள் எல்லாம் நூலால் தைத்தவை. நடுப்பக்கத்தில் நூல் தெரியும், மேசையில் விரித்தால் கையை எடுத்த பிறகும் விரிந்தபடியே கிடக்கும். அவர்களுடைய ஃபொர்பிடன் லாண்ட்ஸ் என்ற விளையாட்டின் பெட்டிக்குள் தோல் மாதிரியான அட்டை போட்ட இரண்டு புத்தகம், பெரிய வரைபடம், அதில் ஒட்ட ஸ்டிக்கர். முக்கியமானது தாள். மினுக்கமில்லாத, கொஞ்சம் மஞ்சள் பிடித்த தாள். டியூப் லைட்டுக்குக் கீழே எந்தப் பக்கம் சாய்த்தாலும் கண் கூசாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் அடித்து, உப்புக்காற்று அலுமாரிக்குள்ளும் வந்துவிடுகிற உட்துறைமுக வீதி மாதிரியான இடத்தில் வழுவழுப்புத் தாள் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். என்னிடம் இருந்த ஒரு புத்தகம் (கொம்பனிப் பெயர் வேண்டாம்) அப்படித்தான் போனது. வெள்ளைத் தாள் என்றால் அழகு என்று சொல்கிறவர்களை ஒரு மாரிக்கு இங்கே வந்து இருந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

சந்தையில் ஃப்ரீ லீக் விசார்ட்ஸுக்குப் பக்கத்திலும் இல்லை, கிக்ஸ்டார்ட்டரில் முன்கூட்டியே காசு திரட்டித்தான் பல விளையாட்டை அச்சடிக்கிறார்கள். குறை என்றால், ஒவ்வொரு விளையாட்டும் தனி உலகம், ஒன்றைப் படித்தால் மற்றது முழுதாக வந்துவிடாது. அழகாக இருக்கிறதே என்று அவர்களுடைய ஏலியன் விளையாட்டையும் வாங்கி, ஒன் ரிங்கையும் வாங்கி, கடைசியில் எதையும் விளையாடாமல் அலுமாரியில் அடுக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், புதிதாகக் குழு சேர்க்கிறவர்கள் விசார்ட்ஸுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இலவச அடிப்படை விதிகளோடு தொடங்கட்டும். விதி நுணுக்கம் பிடித்தவர்களுக்கு நெதிஸ் தளமும் ஒரு பொக்கெட் பதிப்பும் போதும். பேய்க்கதைப் பிரியர்களுக்குக் கேயோசியத்தின் பெட்டி. ஒரே ஒரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது, அதையும் கூட்டாகப் போட்டுத்தான் வாங்குகிறோம் என்றால் ஃப்ரீ லீக்கின் டிராகன்பேன் பெட்டி: 2023இல் வந்தது, டைஸ், அட்டைகள், வரைபடம், கதைகள் எல்லாம் உள்ளேயே. அதில் வருகிற புத்தகங்கள் மெல்லிய அட்டைதான், எனவே வந்த அன்றே பொலித்தீன் கவர் போட்டுவிடுங்கள்.