25 வயது அம்மா, 40 வயது அம்மா: டவுன் சிண்ட்ரோம் கணக்கு

அம்மாவின் வயது கூடினால்தான் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் 21-ஆவது ஒன்று பிறவியிலேயே கூடுதலாக இருப்பது) வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி.

ஒரு கர்ப்பத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் பெரியது. 25 வயதில் சுமார் 1,250 பிரசவங்களில் ஒன்று, 40-இல் சுமார் 100-க்கு ஒன்று. காரணம் கருமுட்டையில் இருக்கிறது: பெண் பிறக்கும் முன்பே உருவாகும் அது, குரோமோசோம் ஜோடிகளைச் சேர்த்துப் பிடித்தபடி பாதிப் பிரிவிலேயே பல வருடங்கள் காத்திருக்கிறது, அந்தப் பிடி தளரத் தளர 21-ஆவது ஜோடி சரியாகப் பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் தங்கிவிடும் வாய்ப்பு கூடுகிறது.

சரி, எண்ணிக்கையைப் பார்ப்போம். 25 வயதில் 10,000 பேரும் 40 வயதில் 500 பேரும் குழந்தை பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் முதல் கூட்டத்தில் 8 குழந்தைகள், இரண்டாவதில் 5. ஆபத்து குறைவான பக்கம்தான் அதிகக் குழந்தைகள்! இளம் அம்மாக்களிடம் "உங்க வயசுல எப்படி?" என்று கேட்பது எனக்கு மனவேதனையாக இருக்கிறது, அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அப்புறம் பிறப்பு விகிதம். நிறையக் குழந்தைகள் பெற்ற காலத்தில் கடைசிப் பிள்ளை 40-ஐத் தாண்டியும் பிறக்கும். குடும்பம் சிறிதானபோது அந்தத் தாமதப் பிரசவங்கள் குறைந்தன. இப்போது பல நாடுகளில் முதல் குழந்தையே தள்ளிப்போவதால், மொத்தப் பிறப்பு குறைந்தாலும் 35-க்கு மேற்பட்ட அம்மாக்களின் பங்கு மறுபடி ஏறுகிறது. கர்ப்பத்திலேயே இதற்கான வாய்ப்பைக் கணிக்கும் ஸ்கிரீனிங் பரிசோதனை பற்றி டாக்டரிடம் எந்த வயதிலும் கேட்கலாம்.