காலாப்பட்டு பக்கத்து குதிரை லாயம்: 5க்கு 3½

முன்னங்கால் தசைநாண் கிழிந்த என் குதிரையை, மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு காலாப்பட்டு பக்கம் ஒரு லாயத்தில் விட்டேன். பெயர் வேண்டாம்.

யாரும் ஏறி உட்கார அவசரப்படவில்லை, அது பிடித்தது. முதல் வாரம் கையில் பிடித்து 10 நிமிட நடை, கெட்டியான சமதரையில், நேராக. பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூடுதல். நொண்டல் நின்றாலும் உள்ளே நார்கள் ஒழுங்காகச் சேர மாதக்கணக்கில் ஆகும், முழு வேலைக்கு 9 முதல் 12 மாதம்கூடப் பிடிக்கும், அதனால் ட்ராட்டுக்கு, அதாவது மெது ஓட்டத்துக்கு, முன்னால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும் என்று அங்கிருந்த அண்ணன் பிடிவாதமாக நின்றார். தினமும் காலையில் இரண்டு முன்னங்கால்களையும் தடவி, சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தக் கைக்கே காசு கொடுக்கலாம்.

ஆனால் அவர் ஊருக்குப் போன ஒரு ஞாயிறு, வேறொரு பையன் கடற்கரையில் காய்ந்த மணலில் நடத்திவிட்டான். குளம்பு புதையும் மணலில் நாண் மேல் இழுப்பு கூடும், தெரியாதா? மறுநாளே கால் சுட்டது, இரண்டு வாரம் பின்னால் போனோம். கேட்டால், "ஈர மணல்தான் சார், கெட்டியா இருந்துச்சு" என்கிறான்.

தீவனம் மாதக் கட்டணத்திலேயே அடக்கம், ஸ்கேன் தனி. இப்படி ஒரு லாயத்தில் விடுவதாக இருந்தால், லீவு நாளில் யார் நடத்துவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.